முதலாளியின் தெருவில் சுவிசேஷம்

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 26. இலங்கை மலையகத்தில் கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் போன் கடையில் ரிப்பேர் வேலை செய்கிறேன்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே சம்பளத்தை முன்கூட்டித் தந்தவர் அவர். நான் ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறேன். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வாலிபர் குழு பஸ் ஸ்டாண்டில் சின்ன ஸ்பீக்கர் வைத்துப் பாடும், பிரசங்கம் செய்யும், கைப்பிரதி கொடுக்கும். போன மாதம் எங்கள் குழுத் தலைவர், இனி முஸ்லிம்களுக்கும் சொல்ல வேண்டும் என்று குர்ஆன் வசனங்கள் போட்டு ஒரு பிரதி அச்சடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வரும் நேரம், எங்கள் கடை இருக்கும் தெருவிலேயே நின்றோம். ஒருவர் பேஸ்புக் லைவ் போட்டார். சிலர் வாங்கினார்கள், சிலர் கசக்கிப் போட்டார்கள், ஒருவர் சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தால், நானா கானுக்குள், தெருவோர வடிகாலுக்குள், கிடந்த பிரதிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பொலிசுக்குக் கொடுக்கப் போகிறார் என்று பயந்தேன். கொடுக்கவில்லை. கடை பூட்டும்போது, "சொல்றதுன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். ஆனால் பழையபடி பேசுவதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று தலைவரிடம் சொன்னேன். "என்னைக் குறித்து வெட்கப்படுகிறவனைக் குறித்து மனுஷகுமாரனும் வெட்கப்படுவார்" என்ற வசனத்தைக் காட்டினார். இன்னொரு விஷயம்: கடையில் என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் பையன், 19 வயது, யாருக்கும் தெரியாமல் ஒரு புதிய ஏற்பாடு கேட்கிறான். கொடுக்கவா? முஸ்லிம்களிடம் எப்படித்தான் பேசுவது? தெருவில் நிற்பதே தவறா?

பெயர் வேண்டாம், கம்பளை.

பதில்:

தம்பி, முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். மாற்கு 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் அது. அதற்கு முன்னால் இயேசு தாம் பாடுபடப் போவதைச் சொல்கிறார், பேதுரு தடுக்கிறார், பேதுருவுக்குத் திட்டு விழுகிறது, சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னே வரச் சொல்கிறார். பாடுபடுகிற மேசியாவுக்குப் பின்னே போகக் கூசுகிறவனைப் பற்றிய பேச்சு அது. வாலிபர் குழுவின் நிகழ்ச்சி நிரலைப் பற்றியது இல்லை. தலைவரின் யோசனை பிடிக்காதவர் தலையில் இந்த வசனத்தைப் போடும் பழக்கம் நம் மலையகச் சபைகளில், மிஷன் சபை சுயாதீன சபை என்ற பேதமில்லாமல், நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. ஆயராக வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்து அலுத்துப்போனது எனக்கு.

நீங்கள் வெட்கப்பட்டது கிறிஸ்துவைக் குறித்து என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஒருவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆபத்துக்கு அவர் தந்த காசையும் வாங்கிக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருடைய தெருவில் கூட்டத்தோடு நின்றதற்காக வெட்கப்படுகிறீர்கள். அது சரியான வெட்கம்தான். அதை ஜெபம் பண்ணிப் போக்கிவிடப் பார்க்காதீர்கள்.

இனி அந்தக் கான். நானா ஏன் குனிந்தார் என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் பிரதியில் குர்ஆன் வசனம் இருக்கிறது. அப்படியென்றால் அல்லாஹ்வின் பெயர், ஈஸா நபி என்று அவர்கள் சொல்லும் இயேசுவின் பெயர், மர்யம் என்று சொல்லும் மரியாளின் பெயர் எல்லாம் இருந்திருக்கும். முஸ்லிம் வீடுகளில் குர்ஆனை எங்கே வைத்திருப்பார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? துணியால் சுற்றி, அலுமாரியின் உயரமான தட்டில் இருக்கும். தரையில் வைக்கமாட்டார்கள். வுளூ செய்யாமல், அதாவது முகம் கை கால் கழுவிச் சுத்தம் பண்ணாமல், தொடாதவர்கள் நிறையப் பேர். பழசாகிக் கிழிந்த பக்கத்தைக்கூடக் குப்பையில் போடாமல், மரியாதையாகப் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். அந்த வசனங்களை அச்சடித்த தாளைத் தெருவில் போகிற வருகிறவர் கையிலெல்லாம் திணித்தால் அது எங்கே போய் விழும்? மிதிபடும், கானுக்குள் போகும். நானா பொறுக்கியதற்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கலாம். வேதவசனம் கானுக்குள் கிடப்பதை வேறொருவர் படம் பிடித்துப் போட்டால், அன்று பின்னேரமே உங்கள் குழு நின்ற இடத்தில் ஒரு கூட்டம் சேர்ந்திருக்கும். உங்கள் முதலாளி உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார் போலத் தெரிகிறது. கேட்டுப் பாருங்கள். நான் ஊகித்து எழுதுவதை விட அவரே சொல்வது நல்லது.

நீங்கள் நின்ற ஊர் எது என்றும் யோசியுங்கள். கம்பளையில் அம்பகமுவ வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கிருந்த பள்ளிவாசலைத் தாண்டி வல்லஹாகொட தேவாலயம் என்ற பௌத்தர்களின் தெய்வக் கோயிலின் பெரஹரா ஊர்வலம் மேளதாளத்தோடு போகலாமா, பள்ளிவாசலுக்கு முன்னால் மேளத்தை நிறுத்த வேண்டுமா என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழக்கு நடந்தது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் பெரஹராவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே வருடம் மே 28 இரவு, பௌத்தர்களின் வெசாக் பண்டிகைப் பாட்டுக் கோஷ்டி ஒன்று கண்டியில் ஒரு பள்ளிவாசலைத் தாண்டும்போது தொடங்கிய கைகலப்பு பல மாகாணங்களுக்குப் பரவி, இராணுவச் சட்டம் போடும் அளவுக்குப் போனது. கலவரத்துக்கு விலைவாசி, வியாபாரப் போட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பற்றிக்கொண்ட இடம், வழிபாட்டிடத்துக்கு முன்னால் இன்னொரு மதத்தின் சத்தம். கம்பளையில் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஜும்ஆ நேரத்தில் போகிறவர்கள் இதை ஒருதரமாவது கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

அது நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று சொல்லலாம். சரி, 2018 மார்ச்சைச் சொல்கிறேன். திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கமெல்லாம் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்தது. கம்பளையிலிருந்து எவ்வளவு தூரம் அது? அடுத்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நம் ஆட்கள் ஆராதனைக்கு வந்த இடத்தில் குண்டு வெடித்துச் செத்தார்கள். அந்தக் காயம் நமக்கு ஆறவில்லை. அந்தக் குண்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத சாதாரண முஸ்லிம் கடைக்காரர் ஒவ்வொருவரும் அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் பையைத் திறந்து காட்டினார், எத்தனை வாடிக்கைக்காரரை இழந்தார் என்பதும் நமக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஒருவர் கடை வாசலில் திடீரென்று வேறு மதத்துக் கூட்டம் ஸ்பீக்கரோடு நின்றால், அவர் கை முதலில் ஷட்டரைத்தான் தேடும். சத்தம் போட்டவருடைய கோபத்தை மார்க்கக் கோபம் என்று உங்கள் குழு எடுத்துக்கொண்டிருக்கும், அதையே சாட்சியாகவும் சொல்லியிருக்கும். பாதிக்கு மேல் பயமாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 2020இலும் 2021 தொடக்கத்திலும் கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் பண்ண விடாமல் கட்டாயமாக எரித்தார்களே, பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட. பொரளை மயானத்து வேலியில் பல மதத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். புதைப்பது முஸ்லிம்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் வழக்கம். அந்த மாதங்களில் உங்கள் ஜெபவீடு அந்தத் தெருவில் யாரிடமாவது போய் ஒரு வார்த்தை பேசியதா? பேசியிருந்தால் நல்லது. பேசவில்லை என்றால், அந்தத் தெருவுக்கு உங்கள் சபை சொன்ன முதல் வார்த்தை ஒரு கைப்பிரதி.

இப்போது உங்கள் கேள்வி: தெருவில் நிற்பதே தவறா? இல்லை. நான் சுவிசேஷம் சொல்லக்கூடாது என்கிற ஆள் இல்லை. 1739இல் ஜோன் வெஸ்லி பிரிஸ்டலில் வெளியில் நின்று பிரசங்கிக்கத் தொடங்கியிராவிட்டால் நம் ஊர் மெதடிஸ்ட் சபைகள் இல்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் கோப்பித் தோட்டத்துக்குக் கோப்பித் தோட்டம் நடந்து, வேலை முடிந்து வந்த சனத்தோடு லயத்து முற்றத்தில் உட்கார்ந்து பேசியிராவிட்டால் மலையகத்துப் பழைய அங்கிலிக்கன் குடும்பங்கள் பாதி இல்லை. பவுல் அத்தேனே சந்தைவெளியில் நின்றார். ஆனால் அப்போஸ்தலர் 17ஐ மெதுவாக வாசியுங்கள்: எதிர்ப்பட்டவர்களோடு தினந்தோறும் சம்பாஷணை பண்ணினார் என்றுதான் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்த்து, அவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று கவனித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, அவர்களே கூப்பிட்டுக் கொண்டுபோன பிறகுதான் மார்ஸ் மேடையில் நின்று பேசுகிறார்.

பஸ் ஸ்டாண்டில் ஞாயிறு பின்னேரம் நிற்பது ஒரு மாதிரி. விரும்பினவர் நிற்பார், விரும்பாதவர் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். தொழுது முடித்துப் படியிறங்குகிறவர்களைத் தெருமுனையில் பிடிப்பது வேறு. ஞாயிறு காலை நீங்கள் ஆராதனையில் இராப்போஜனத்தின் அப்பமும் ரசமும் எடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வரும்போது, வாசலில் முஸ்லிம் இளைஞர்கள் நின்று, யோவான் 14இலும் 16இலும் வரும் தேற்றரவாளன் எங்கள் நபிதான் என்று பைபிள் வசனம் போட்ட தாளை நீட்டினால், உங்கள் தலைவர் என்ன செய்வார்? அதைக் கமராவிலும் பிடித்தால்? அந்த வாதம் உண்மையாகவே முஸ்லிம்களிடம் உண்டு, குர்ஆன் 61ஆம் அத்தியாயத்தில் ஈஸா நபி 'அஹ்மத்' என்ற தூதரை முன்னறிவித்ததாக வருவதோடு சேர்த்துச் சொல்வார்கள். நமக்கு அதைக் கேட்கும்போது, "எங்கள் வேதத்தை எங்களுக்கே சொல்லித் தருகிறாயா" என்று வரும். குர்ஆனில் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து நாலு வசனம் வெட்டி எடுத்து, "பாருங்கள், உங்கள் வேதமே இயேசுவைத் தேவன் என்கிறது" என்று அச்சடித்தால் அவர்களுக்கும் அதுதான் வரும். அதே குர்ஆன் 4ஆம் அத்தியாயத்தில் அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால், வாசிக்கிறவருக்கு நாம் நேர்மையில்லாதவர்கள் என்று மட்டும்தான் விளங்கும். இந்த முறையைச் சொல்லித்தரும் கையேடுகள் நிறைய வந்துவிட்டன. எனக்குப் பிடிக்காது. குர்ஆனை நீங்கள் வாசியுங்கள், நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, ஆனால் உங்கள் அயலவரை விளங்கிக்கொள்ள வாசியுங்கள்.

1219இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோது அசிசியின் பிரான்சிஸ் எகிப்தில் தமியாத்தா என்ற இடத்தில் போர் எல்லையைத் தாண்டி சுல்தான் அல் காமிலிடம் போனார். தன் விசுவாசத்தை மறைக்காமல் பேசினார் என்றுதான் பழைய குறிப்புகள் சொல்கின்றன. சுல்தான் அவரை மரியாதையாகக் கேட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். இரண்டு வருடம் கழித்துத் தம் சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்கில், முஸ்லிம்கள் நடுவே போகிறவர்கள் இரண்டு விதமாக வாழலாம் என்றார் பிரான்சிஸ். ஒன்று, வாக்குவாதம் பண்ணாமல், எல்லாருக்கும் பணிந்து நடந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை ஒளிக்காமல் இருப்பது. மற்றது, தேவனுக்குச் சித்தம் என்று காணும்போது வார்த்தையை வெளிப்படையாகச் சொல்வது. உங்களுக்கு முதலாவது வழி திறந்தே கிடந்தது, தம்பி. வருடக்கணக்காக அந்தக் கடையில் வேலை செய்கிறீர்கள். கள்ளக் கணக்கு எழுதாமல், வாடிக்கைக்காரரின் போனில் உள்ள படங்களை எட்டிப் பார்க்காமல், நல்ல பார்ட்ஸைக் கழற்றிவிட்டுப் பழசைப் போடாமல் வேலை செய்திருந்தால் நானா உங்களைக் கவனித்திருப்பார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியை நீங்கள் திட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது பாதி அழைப்பாகக் கேட்கிறது. "சொல்லாதே" என்று அவர் சொல்லவில்லையே. "நேரா சொல்லியிருக்கலாமே" என்றுதானே சொன்னார்.

போய் மன்னிப்புக் கேளுங்கள். எதற்கு என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்: உங்களிடம் சொல்லாமல் உங்கள் தெருவில் நின்றதற்கு, உங்கள் வேத வசனம் கானுக்குள் போகக் காரணமாக இருந்ததற்கு. கிறிஸ்தவனாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அவரும் அதை எதிர்பார்க்கமாட்டார். அப்புறம், மன்னிப்போடு சுவிசேஷத்தைக் கோர்த்துவிடாதீர்கள். "மன்னியுங்கள் நானா, ஆனால் இயேசு..." என்று தொடங்கினால் இரண்டும் கெட்டது. அன்றைக்கு மன்னிப்பு மட்டும்.

பேச்சு ஒருநாள் தானாக வரும். நோன்புக் காலத்தில் கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், நோன்பு திறக்கும் இப்தாருக்குக் கூப்பிட்டால் போங்கள். கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுபோவதாக இருந்தால் பிரண்டி ஊற்றாத கேக்காக இருக்கட்டும், ஊற்றவில்லை என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பேதுரு எழுதியது விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்லி. கேட்டபிறகு என்ன சொல்வது என்பதுதான் உங்கள் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

நானா ஈஸா நபியை உங்களுக்குக் குறையாமல் மதிக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் பெயரைச் சொன்னால் கூடவே அலைஹிஸ்ஸலாம், அவர்மேல் சாந்தி உண்டாகட்டும் என்று, சொல்வார். கன்னியிடம் பிறந்தவர், மஸீஹ் என்ற மேசியா, குருடரைப் பார்க்கவைத்தவர், திரும்பவும் வரப்போகிறவர் என்பதெல்லாம் அவர் ஏற்கெனவே நம்புவது. குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் மர்யம்தான், அவர் பெயரில் ஒரு அத்தியாயமே உண்டு. இயேசுவின் பெயரையே கேள்விப்படாத மனிதரிடம் பேசுவது மாதிரிப் பேசினால் அவருக்குச் சிரிப்பு வரும். நாம் பிரிகிற இடம் வேறு. இயேசுவைத் தேவகுமாரன் என்று நீங்கள் சொன்னதும், அல்லாஹ்வுக்கு மனைவியும் பிள்ளையும் இருப்பதாகச் சொல்கிறீர்கள் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்குப் படும். அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பது ஒவ்வொரு முஸ்லிம் குழந்தைக்கும் பாடமாக இருக்கும் 112ஆம் அத்தியாயம். அப்படி ஒரு சரீர உறவை நாங்களும் நம்பவில்லை, அதைச் சொன்னால் எங்களுக்கும் தேவதூஷணம்தான் என்று முதலில் சொல்லுங்கள். நிறைய முஸ்லிம்கள் இதை ஒரு கிறிஸ்தவர் வாயால் கேட்டதே இல்லை. அப்புறம் சிலுவை. தன் நபியை அல்லாஹ் இவ்வளவு கேவலமான சாவுக்கு விடமாட்டான் என்பது அவர் பக்கத்து நியாயம், அதில் ஒரு பக்தி இருக்கிறது. அதை மதித்துக்கொண்டு, அந்தக் கேவலத்துக்குள்தான் தேவன் எங்களைத் தேடி வந்தார் என்று நாங்கள் ஏன் நம்புகிறோம் என்று உங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள். திரித்துவத்துக்குப் படம் வரைந்து விளக்கப் போகாதீர்கள். சபையில் உங்களுக்கே விளங்காத படம் கடையில் அவருக்கு விளங்காது.

அவருடைய நபியைப் பற்றி ஒரு தரக்குறைவான சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. யூடியூபில் பார்த்த விவாதங்களை அப்படியே கக்காதீர்கள்.

அவரும் உங்களை இஸ்லாத்துக்கு அழைப்பார். அழைக்கவேண்டும், அது அவர் மார்க்கத்தில் கடமை. யூதர், கிறிஸ்தவர் ஆகிய வேதக்காரரோடு அழகான முறையிலன்றித் தர்க்கம் பண்ணாதீர்கள் என்று 29ஆம் அத்தியாயத்தில் அவருக்கும் கட்டளை இருக்கிறது. முழுதாகக் கேளுங்கள். இடையில் பதில் யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் பேசினதை அவர் கேட்கவேண்டும், அவர் பேசினால் உங்களுக்கு நேரமில்லை என்றால் அது நியாயமான பேச்சில்லை. சந்தேகம் வந்தால் வரட்டும், உங்கள் போதகரிடம் போய்க் கேளுங்கள். இன்னொரு விஷயம், இதை வாசிக்கிற கிறிஸ்தவ முதலாளிமாருக்கு: நானாவும் தம்பியும் பேசுவதை நான் உற்சாகப்படுத்துவது தம்பி கீழே இருந்து பேசுவதால். நீங்கள் சம்பளம் கொடுக்கிற ஆளிடம் வேதம் பேசினால் அந்த ஆளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பேசாமல் இருங்கள்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

அவனுக்கு 19 வயது. கேட்டதும் அவன்தான். புதிய ஏற்பாடு ஒன்றும் தடைசெய்யப்பட்ட புத்தகம் இல்லை, ஈஸா நபிக்கு அருளப்பட்ட இன்ஜீல் என்ற வேதம் ஒன்று உண்டு என்பது அவன் மார்க்கமும் சொல்வதுதான், இப்போதுள்ளது மாறிப்போனது என்று சேர்த்துச் சொன்னாலும். கொடுங்கள். கடைக்கு வெளியே, வேலை நேரத்துக்கு வெளியே கொடுங்கள். லூக்காவிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள், வெளிப்படுத்தலைத் திறக்கவேண்டாம். கூடவே, "உன் கேள்விகளை உங்கள் மௌலவியிடமும் கேள்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு உங்கள் தலைவர் தலையில் கை வைப்பார். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எடுக்கிற முடிவு ஆறு மாதத்தில் உடைந்துவிடும், உடைகிறபோது பையனும் சேர்ந்து உடைவான்.

அவனைக் குழுவுக்கு அறிமுகப்படுத்தாதீர்கள். பெயரைச் சொல்லி ஜெபக்குறிப்புப் போடாதீர்கள். "ஒரு முஸ்லிம் வாலிபன் ஆண்டவரைத் தேடுகிறான்" என்று வட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போனால் போதும், கம்பளை சின்ன ஊர், ஒரு கிழமைக்குள் அவன் உம்மா காதுக்குப் போய்விடும். அவன் ஏன் கேட்கிறான் என்றும் மெதுவாகப் பாருங்கள். உண்மையிலேயே தேடலாம். வாப்பாவோடு சண்டை பிடித்திருக்கலாம். ஒரு கிறிஸ்தவப் பெண்ணை விரும்பியிருக்கலாம், அப்படியும் வருவார்கள். எதுவானாலும் விரட்டவேண்டாம், ஆனால் எதுவென்று தெரியாமல் ஞானஸ்நானத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம்.

மதம் மாறுவது இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்பதோடு முடிகிற காரியமில்லை. முஸ்லிம்களின் விவாகத்துக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம், வாரிசுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம். கலியாணமும் சொத்தும் அதில் கட்டப்பட்டிருக்கின்றன. கடைசியில் எங்கே அடக்கம் பண்ணுவது என்பதும் கேள்வியாகிவிடும். குடும்பம் கைவிட்டால் அவன் எங்கே படுப்பான், வேலை போனால் யார் பார்ப்பது என்று உங்கள் ஜெபவீட்டில் யாராவது யோசித்திருக்கிறார்களா? லைவ் போடுகிறவர் வீட்டில் ஒரு அறை இருக்கிறதா? உலக சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து 2011 ஜூனில் பல மதத்தவர் நடுவே சாட்சி சொல்வது எப்படி என்று ஒரு வழிகாட்டலை வெளியிட்டன. மதம் மாறுவது பெரிய முடிவு, யோசிக்கவும் ஆயத்தப்படவும் போதிய காலம் கொடுக்கவேண்டும், அந்த மனிதருக்கு முழுச் சுதந்திரம் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதும் ஏமாற்றுவதும் சுவிசேஷத்துக்கு ஒவ்வாது என்றும் இருக்கிறது. மூன்றாவதாகச் சொன்ன கூட்டமைப்பு உங்களைப் போன்ற சபைகளின் பக்கம்தான், ஆகையால் "அதெல்லாம் கத்தோலிக்கர் பேச்சு" என்று தலைவர் தள்ளிவிட முடியாது.

வீட்டில் பொய் சொல்லும்படி மட்டும் அவனைப் பழக்காதீர்கள். சொல்லாமல் இருப்பது அவன் உரிமை. பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜெபவீட்டுக்கு வருவது வேறு. நானா நேராகக் கேட்டால் நீங்களும் பொய் சொல்லாதீர்கள்: "அவன் கேட்டான், கொடுத்தேன், மிச்சத்தை அவனிடம் கேளுங்கள் நானா" என்றால் போதும். வேலை போகலாம். அதற்கு ஆயத்தமில்லை என்றால், வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதிலும் தப்பில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் சுதந்திரம் தருகிறது. 14ஆம் உறுப்புரை தனியாகவும் கூட்டாகவும் வழிபடவும் கற்பிக்கவும் இடம் தருகிறது. ஆனால் 2003இல், கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில், மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதற்கு மாறாகச் சொன்னாலும், நாட்டுக்குள் அந்தத் தீர்மானம் அப்படியே இருக்கிறது. மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் வர இருந்து வரவில்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், சின்னது பெரியது என்று கிடையாது. மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் 291ஆம் பிரிவை ஒட்டிய ஏற்பாடுகள் இருக்கின்றன, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டமும் இருக்கிறது. 2023இல் மற்ற மதங்களைப் பற்றி ஒரு போதகர் பேசிய பேச்சு வீடியோவாகச் சுற்றி, அவர் கைதாவதுவரை போனதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இதற்குமேல் தேவையென்றால் வக்கீலிடம் போங்கள், நான் ஆயர்.

உங்கள் தலைவரிடம் என்ன சொல்வது? பஸ் ஸ்டாண்டில் ஞாயிறு நிற்கட்டும், அனுமதி எடுத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை வேண்டாம். குர்ஆன் வசனம் போட்ட பிரதிகள் மிச்சமிருந்தால் கொடுக்கவேண்டாம், அவற்றைக் குப்பையிலும் போடவேண்டாம், நானாவிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். தலைவர் கேட்க மறுத்தால், நீங்கள் அந்தக் குழுவில் நிற்கவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. ஜெபவீட்டைவிட்டுப் போகவேண்டும் என்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த லைவ் வீடியோ. அது இன்னும் பேஸ்புக்கில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், நீக்கினதாக நீங்கள் எழுதவில்லை. சத்தம் போட்டவர் முகம் அதில் இருக்கும். குனிந்து பொறுக்கும் நானா இருக்கலாம், கடைப் பெயர்ப்பலகை இருக்கலாம், அந்தப் பையனும் எங்காவது ஓரத்தில் நிற்கலாம். கீழே யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்களோ தெரியாது. நானாவிடம் நாளைக் காலையில் பேசலாம். வீடியோவை இன்று இரவே எடுக்கச் சொல்லுங்கள். பகிர்ந்தவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.